பிக்கப் இழுக்கும்... ஆனா நிக்குமா? ட்ரெய்லர் மாட்டும் முன் ஓர் எடைக் கணக்கு!

தீபத் திருவிழாவின் ஏழாம் நாள். திருவண்ணாமலை மாட வீதியில் பெரிய தேர் வருகிறது. எல்லாருடைய போனும் எந்தப் பக்கம் திரும்பியிருக்கும்? வடம் பிடித்து இழுக்கிற கூட்டத்தின் பக்கம். அடுத்த முறை கொஞ்சம் கீழே பாருங்கள். சக்கரத்தை ஒட்டியே, கையில் மரக்கட்டையோடு சிலர் நடந்து வருவார்கள். தேர் திரும்பணுமா, நிக்கணுமா, அவர்கள் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போட்டால்தான் உண்டு. இழுக்க ஆயிரக்கணக்கில் ஆள் கிடைக்கும். நிறுத்தத் தெரிந்தவர்கள் அந்தச் சிலர்தான். திருவாரூர் ஆழித்தேருக்கு திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்ததும் இந்தக் கவலையில்தான்.

பிக்கப் பற்றிய கட்டுரையில் தேர் எதுக்குன்னு கேட்கிறீர்களா? காரணம் இருக்கு.

நீங்களும் நண்பரும் சேர்ந்து ஒரு டிபன் கடை ட்ரெய்லர் போடலாம்னு யோசிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். பொங்கல், வடை, சுக்குக் காபி. கணக்குப் போட்டால் நல்ல வியாபாரம். வீட்டில் ஏற்கெனவே ஒரு பழைய பிக்கப் நிற்கிறது. வெல்டிங் பட்டறையில் போய் இரண்டு சக்கரம் வைத்த கடை ஒன்று செய்யச் சொல்லி, பிக்கப் பின்னால் மாட்டிக்கொண்டு வந்தால் முடிந்தது. பட்டறையில் கேட்கிறீர்கள்: "அண்ணே, நம்ம வண்டி இழுக்குமாண்ணே?"

"பிக்கப்பு தம்பி! யானையைக் கட்டினாலும் இழுக்கும்."

அண்ணன் பொய் சொல்லவில்லை. 2012 அக்டோபரில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் ஒரு டொயோட்டா டன்ட்ரா பிக்கப், எண்டெவர் விண்வெளி ஓடத்தையே ஒரு பாலத்தின் மேல் இழுத்துப் போனது. அடியில் இருந்த தாங்கு வண்டியோடு சேர்த்து எடை 130 டன்னுக்கும் மேல். அந்த பிக்கப்புக்கு கம்பெனி அனுமதித்த இழுவை எடை எவ்வளவு தெரியுமா? ஐந்து டன்கூட இல்லை. சமதளம், ஆமை வேகம், குறுக்கே யாரும் வராத சாலை என்றால் ஒரு பிக்கப் எதையும் இழுக்கும். செங்கம் ரோட்டில் 50 கி.மீ. வேகத்தில் போகும்போது திடீரென்று ஒரு மாடு குறுக்கே வந்தால் நிற்குமா என்பதுதான் கேள்வி. பட்டறையில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

ஆர்.சி. புக்கில் இரண்டு எண்கள்

முதலில் ஆர்.சி.யை எடுங்கள். வெறும் வண்டியின் எடை என்று ஒன்று இருக்கும். சுமையோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை என்று இன்னொன்று. இரண்டாவதில் இருந்து முதலாவதைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய சுமை. டாடா ஏஸ் கோல்டு, அதாவது நம்ம குட்டி யானை, சுமார் 750 கிலோ. அசோக் லேலண்ட் தோஸ்த் ப்ளஸ் ஒன்றரை டன். பொலேரோ மேக்ஸ் பிக்கப்பில் பெயருக்குப் பின்னாலேயே 1.3, 1.7, 2.0 என்று எண் வரும். அது டன் கணக்கு.

இதில் பலர் விடும் தப்பு, அந்தச் சுமையை 'சரக்கு' என்று மட்டும் நினைப்பது. டிரைவர், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாமா, தார்ப்பாய், வாங்கின பிறகு நீங்கள் ஏற்றிக் கட்டிய இரும்புக் கூண்டு, எல்லாமே அதில் அடங்கும். ட்ரெய்லர் மாட்டினால், அதன் மூக்கு வண்டியின் பின்பக்கத்தை அழுத்துகிற எடையும் அதிலேயே அடங்கும். இது நிறையப் பேருக்குப் புதுசா இருக்கும். கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

கண்ணை மட்டும் நம்பாதீர்கள். தோலோடு இருக்கும் மல்லாட்டை மூட்டையை வண்டிக்கு மேல் கோபுரம் மாதிரி அடுக்கியிருப்பார்கள், பார்க்கவே பயமா இருக்கும். எடை அவ்வளவு இருக்காது. அதே வண்டியில் ஆயிரம் லிட்டர் தண்ணீர் டேங்க் ஒன்று அமைதியாக உட்கார்ந்திருக்கும். அது ஒரு டன். பாதி நிரப்பினால் இன்னும் மோசம், பிரேக் போடும்போதெல்லாம் தண்ணீர் முன்னும் பின்னும் அடித்து வண்டியைத் தள்ளும். எம் சாண்ட் கால் யூனிட், அதாவது 25 கன அடி, தொட்டியில் அடிப்பாகம் மட்டும் நிரம்பின மாதிரி தெரியும். அதுவே ஒரு டன்னைத் தாண்டிவிடும். குட்டி யானைக்கு அது ஓவர்லோடு.

"ஒரு பட்டை எக்ஸ்ட்ரா போட்டா போதும்"

இதைக் கேட்காத பிக்கப் ஓனர் இருக்க மாட்டார். ஸ்பிரிங் கட்டில் இன்னொரு பட்டை சேர்த்தால் வண்டி பின்னால் உட்காராது, உண்மைதான். ஆனால் உட்காராமல் நிற்பது ஸ்பிரிங் மட்டும்தான். ஆக்ஸில் அதே ஆக்ஸில், சேஸிஸ் அதே சேஸிஸ், பிரேக் டிரம் அதே டிரம். பாரம் அதிகமாகிவிட்டது என்று வண்டி உங்களுக்குக் காட்டிய ஒரே அடையாளத்தையும் மறைத்ததுதான் மிச்சம்.

டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் அளவுக்குப் பிறகு ஓர் எண் இருக்கும். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 104 என்றால் 900. 108 என்றால் 1,000. பின் ஆக்ஸிலில் இரண்டு டயர், அப்படியென்றால் 104 போட்ட ஜோடி 1,800 கிலோ வரை. அதுவும் சரியான காற்று இருந்தால்தான். விலை குறைவு என்று எண் குறைந்த டயரை மாற்றிப் போட்டவர்கள், அன்றைக்கே தங்கள் வண்டியின் சுமையையும் குறைத்துவிட்டார்கள். ஆர்.சி.யில் என்ன போட்டிருந்தாலும் சரி.

ஒரே வண்டி, 3,500 கிலோ... 750 கிலோ!

இப்போது இழுவைக்கு வருவோம். டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் 2022இல் இந்தியாவுக்கு வந்தது. இதே ஹைலக்ஸுக்கு ஐரோப்பாவில் இரண்டு இழுவை எடை சொல்வார்கள். பெரிய மாடலில் 3,500 கிலோ என்பது ஒன்று. 750 கிலோ என்பது இன்னொன்று. இன்ஜின் அதே, கொக்கி அதே. அப்புறம் எப்படி இவ்வளவு வித்தியாசம்? முதல் எண், தனக்கென்று பிரேக் வைத்திருக்கும் ட்ரெய்லருக்கு. இரண்டாவது, பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கு. வேறு எந்த வித்தியாசமும் கிடையாது. முட்டுக்கட்டை போடும் ஆள் பின்னாலும் இருக்கிறாரா இல்லையா, அவ்வளவுதான்.

பிரிட்டனில் இன்னொரு நிபந்தனையும் சேர்த்துச் சொல்வார்கள். பிரேக் இல்லாத ட்ரெய்லர் 750 கிலோவைத் தாண்டக் கூடாது, இழுக்கும் வெறும் வண்டியின் எடையில் பாதியையும் தாண்டக் கூடாது. இரண்டில் எது குறைவோ அதுதான் எல்லை. நம்ம ஊர் வெல்டிங் பட்டறையில் செய்யும் கடை ட்ரெய்லரில் பெரும்பாலும் பிரேக் இருக்காது என்பதால், இந்த அளவை நாமும் அப்படியே எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம் என்பேன்.

ஏன் என்று ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். பிக்கப்பும் சுமையும் சேர்ந்து இரண்டரை டன். 50 கி.மீ. வேகம். நல்ல பிரேக், காய்ந்த ரோடு. பிரேக் பிடிக்க ஆரம்பித்த பிறகு சுமார் 16 மீட்டரில் நிற்கும். பின்னால் பிரேக் இல்லாத 1,250 கிலோ ட்ரெய்லர் ஒன்றை மாட்டுங்கள். அதே பிரேக், ஆனால் நிறுத்த வேண்டிய எடை ஒன்றரை மடங்கு. தூரமும் ஒன்றரை மடங்கு, சுமார் 24 மீட்டர். மாட்டைப் பார்த்து நீங்கள் காலை பிரேக்குக்குக் கொண்டுபோகும் ஒரு நொடியில் வண்டி ஓடும் 14 மீட்டர் இதில் சேரவில்லை. இரண்டு தூரத்துக்கும் நடுவில் இருக்கும் அந்த 8 மீட்டரில், கிரிவலப் பாதையில் என்றால், எத்தனை பேர் நடந்துகொண்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

வேகத்தைக் கூட்டினால் கதை இன்னும் கெடும். 40இல் இருந்து 60 ஆனால் வேகம் ஒன்றரை மடங்குதான், நிற்கும் தூரமோ இரண்டே கால் மடங்கு.

கட்டட வேலைக்குப் போகும் கலவை மிஷினை பிக்கப் பின்னால் கட்டிக்கொண்டு போவதைத் தினமும் பார்க்கிறோம். ஹாப்பர் வைத்த மிஷின் ஒரு டன்னைத் தாண்டும். அதற்கு பிரேக் கிடையாது. பின்விளக்கும் பெரும்பாலும் கிடையாது. கொக்கியில் ஒரு கம்பியைச் சொருகி வளைத்துவிட்டிருப்பார்கள். அதைப் பார்த்துப் பழகியதால்தான் 'எல்லாரும் பண்றாங்களே' என்று நமக்குத் தோன்றுகிறது.

உங்கள் வண்டியின் கையேட்டில் இழுவை எடை என்று ஓர் எண் கொடுத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்குத் தனியாக ஓர் எல்லை இருந்தால் அதுவும் முக்கியம். எண்ணே இல்லையென்றால், 'எவ்வளவு வேணும்னாலும் இழுக்கலாம்' என்று அர்த்தம் இல்லை. அந்த வண்டியை இழுவைக்கு என்று கம்பெனி உத்தரவாதம் கொடுக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். டீலரிடம் எழுத்தில் கேட்டு வாங்காமல் கொக்கி வெல்டிங் பண்ணாதீர்கள். யூடியூபில் வெளிநாட்டு மாடலின் எண்ணைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதும் வேண்டாம். பெயர் ஒன்றாக இருந்தாலும் ஸ்பிரிங், கியர் எல்லாம் நாட்டுக்கு நாடு மாறும்.

கம்பெனிகள் இந்த எண்ணைச் சும்மா அடித்துவிடுவதும் ஒரு காலத்தில் நடந்ததுதான். அமெரிக்காவில் ஆளாளுக்கு ஒரு கணக்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு பொதுவான சோதனை முறை ஒன்று வந்தது. அரிசோனா பாலைவனத்தில் டேவிஸ் டேம் பக்கம் இருக்கும் நீண்ட ஏற்றத்தில், ஏ.சி.யை முழுசாக ஓடவிட்டு, முழு இழுவை எடையோடு பிக்கப் 64 கி.மீ. வேகத்துக்குக் குறையாமல் ஏற வேண்டும். பிரேக் சோதனையும் உண்டு. நம்ம சித்திரை வெயிலில் மலை ஏறும் வண்டிக்கும் இப்படி ஒன்று வைத்தால் நன்றாகத்தான் இருக்கும்.

எடை மேடைக்குப் போகலாம் வாங்க

இதுவரை சொன்னதை வீட்டில் உட்கார்ந்து ஊகிக்க முடியாது. எடை மேடையில் ஏற்றிப் பார்த்தால் ஒரு டீ, வடை காசுக்குப் பக்கத்தில்தான் வரும். டீசல் நிரப்பி, வழக்கமாக ஏற்றுவதை எல்லாம் ஏற்றி, கூட வருகிறவர்களையும் உட்காரவைத்து ஒரு சீட்டு வாங்குங்கள். பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி இன்னொரு சீட்டு. ட்ரெய்லரைத் தனியாகக் கழற்றி, அதற்குள் அடுப்பு, பாத்திரம் எல்லாம் வைத்து இன்னொன்று.

நம் டிபன் கடைக்கு எண் போட்டுப் பார்ப்போம். ஆர்.சி.யில் மொத்த எடை 3,000 கிலோ, வெறும் வண்டி 1,600 கிலோ என்று வையுங்கள். அரிசி, பாத்திரம், நீங்கள் இருவர் எல்லாம் சேர்த்து பிக்கப் மேடையில் 2,450 காட்டுகிறது. ட்ரெய்லர் 900. 'இன்னும் 550 கிலோ பாக்கி இருக்கே, ஜாலி' என்று தோன்றும். ஆனால் வெறும் வண்டி எடையில் பாதி 800, பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கு எல்லை 750. இரண்டில் குறைந்தது 750. ட்ரெய்லர் 150 கிலோ அதிகம்.

கடையைச் சின்னதாக்க வேண்டுமா? வேண்டாம். ட்ரெய்லருக்குள் 20 லிட்டர் தண்ணீர் கேன் எட்டு வைத்திருக்கிறீர்கள் இல்லையா, அதைத் தூக்கி பிக்கப்பில் வையுங்கள். 160 கிலோ இடம் மாறியது. ட்ரெய்லர் 740. அதன் மூக்கு எடையாகப் பத்தில் ஒரு பங்கு, 74 கிலோ, பிக்கப் மேல் இறங்கும். 2,450, 160, 74 மூன்றையும் கூட்டினால் 2,684. 3,000க்குள்தான் இருக்கிறது. பின் ஆக்ஸிலுக்கான எல்லையையும் ஒரு தடவை சரிபார்த்துவிட்டால் இந்தக் கணக்கு பாஸ். எடையை பிரேக் இருக்கும் வண்டிக்கு மாற்றியதைத் தவிர நீங்கள் வேறு எதுவும் செய்யவில்லை.

வாலாட்டும் ட்ரெய்லர்

மூக்கு எடை என்று சொன்னேன் அல்லவா? இரண்டு சக்கர ட்ரெய்லரில் பாரத்தை எங்கே வைக்கிறீர்கள் என்பது எவ்வளவு வைக்கிறீர்கள் என்பதற்குச் சமமான விஷயம். பாரம் பின்பக்கம் போய்விட்டால் மூக்கு மேலே தூக்கப் பார்க்கும். பிக்கப்பின் பின் சக்கரத்துக்குப் பிடி குறையும். கொஞ்சம் வேகம் கூடியதும், ஒரு பஸ் உரசிக்கொண்டு போனாலே போதும், ட்ரெய்லர் இடதும் வலதுமாக வாலாட்ட ஆரம்பிக்கும். ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். கடைசியில் வால்தான் நாயை ஆட்டும்.

அதனால் பாரத்தில் பாதிக்குச் சற்று மேல் சக்கரத்துக்கு முன்பக்கம் வர வேண்டும். ட்ரெய்லர் எடையில் சுமார் பத்து சதவீதம் மூக்கில் இறங்கினால் நல்லது. வீட்டில் ஆள் எடை பார்க்கும் மெஷின் இருக்குமே, சமதளத்தில் ட்ரெய்லரை நிறுத்தி, கொக்கி உயரத்துக்கு ஒரு கட்டை வைத்து, மூக்கை அந்த மெஷின் மேல் இறக்கினால் எண் தெரிந்துவிடும். 740 கிலோ ட்ரெய்லருக்கு 70, 80 காட்டினால் சரி. 20 காட்டினால் கேஸ் சிலிண்டரை முன்னால் நகர்த்துங்கள்.

ஓடும்போது ஆட்டம் வந்துவிட்டால்? சட்டென்று பிரேக் மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்துச் சமாளிக்கவும் பார்க்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுங்கள். வேகம் குறைந்தால் ஆட்டமும் குறையும். பிறகு ஓரங்கட்டி பாரத்தை மாற்றி வையுங்கள்.

மலையில் இறங்கும்போது

திருவண்ணாமலை டவுனுக்குள் ஓட்டும்வரை சமதளம். போளூர் தாண்டி ஜமுனாமரத்தூருக்கு ஒரு ஆர்டர் வந்தால்? பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சரிவில், நாலு டன் எடையில் பத்தில் ஒரு பங்கு, 400 கிலோ, உங்களைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். அதை பிரேக்கை மிதித்தே சமாளித்தால் டிரம் சூடாகி, ஒரு கட்டத்தில் பெடல் மிதிபடும், வண்டி நிற்காது. எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வது இதற்காகத்தான். நியூட்ரலில் உருட்டி டீசல் மிச்சம் பிடிப்பது எல்லாம் மலையில் வேண்டவே வேண்டாம்.

எடைக் கணக்கு மட்டுமே எல்லாம் இல்லை என்பதற்கும் ஜவ்வாது மலைதான் சாட்சி. 2022 ஏப்ரல் 2, யுகாதி அன்று, திருப்பத்தூர் மாவட்டத்தில் மலைக்கோயிலுக்குப் போன ஒரு பிக்கப் வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். பொதுவாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 பேரின் எடை ஒன்றரை டன்தான் வரும், ஒரு பெரிய பிக்கப்பின் அனுமதிக்குள்கூட அது அடங்கிவிடலாம். ஆனால் நிற்கும் மனிதர்களின் எடை உயரத்தில் இருக்கிறது, வளைவில் எல்லாரும் ஒரே பக்கம் சாய்கிறார்கள், பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. மூட்டை கவிழ்ந்தால் நஷ்டம். அதனால் பௌர்ணமிக்கு 'சும்மாதானே வண்டி போகுது, நாலு வீட்டு ஆளுங்களையும் பின்னாடி ஏத்திக்க' என்று பெரியம்மா சொன்னாலும், பஸ்ஸுக்குக் காசு கொடுத்து அனுப்புங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2019 திருத்தத்துக்குப் பிறகு, மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 194இன்படி ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அதிகச் சரக்கை அங்கேயே இறக்கிவைக்கவும் சொல்வார்கள், அந்த இறக்குகூலியும் உங்கள் தலையில்தான். ட்ரெய்லரையும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். 7,500 கிலோ வரை மொத்த எடை உள்ள சரக்கு வண்டியை இலகுரக லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதிசெய்தது. அந்த வகையில் உங்கள் பிக்கப்புக்குப் பிரச்னை இல்லை.

முதல் பௌர்ணமிக்குக் கிளம்பும் அன்று, கொக்கி பூட்டியதும் அதன் லாக் பின்னைப் பாருங்கள். இரண்டு சங்கிலிகளை மூக்குக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். கொக்கி கழன்றால் மூக்கு தரையில் குத்தாமல் அவைதான் தாங்கும். நண்பரைப் பின்னால் நிறுத்தி பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும் எரிகிறதா என்று கத்தச் சொல்லுங்கள். ஐந்து கிலோமீட்டர் போனதும் ஓரங்கட்டி, ட்ரெய்லரின் இரண்டு வீல் ஹப் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். இரண்டும் இளஞ்சூடாக இருந்தால் கிளம்பலாம். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பக்கம் பேரிங் சரியில்லை, அன்றைக்கு வடை வியாபாரம் மெக்கானிக் கடை வாசலில்தான்.